‘நேத்து எப்படி இருந்தாங்க?’: கேஷுவாலிட்டியில் முதியவர்களின் டெலிரியத்தைக் கண்டுபிடிப்பது

ஹவுஸ் சர்ஜனாக இருந்த நாட்களில் ஓர் இரவு. கேஷுவாலிட்டியில் அடுத்தடுத்து இரண்டு கட்டில்கள். முதல் கட்டிலில் ஒரு தாத்தா. டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “எம் மாட்டை எவனோ அவுத்துட்டுப் போறான், விடுங்கடா என்னை” என்று கத்திக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நான்கு பேர். இரண்டாவது கட்டிலில் ஒரு பாட்டி. கண்ணை மூடிப் படுத்திருந்தார். கூப்பிட்டால் ஒரு “ம்”. போர்வை ஓரத்தில் இல்லாத நூல் எதையோ விரலால் நிமிண்டி நிமிண்டி எடுத்துக்கொண்டிருந்தார். கூட வந்த மருமகள் என்னிடம், “ரெண்டு நாளா அத்தை வாசல்ல கோலமே போடலை சார்” என்றார். நான் தலையாட்டிக்கொண்டே கேஸ் ஷீட்டில் ‘நினைவு தெளிவாக உள்ளது’ என்று எழுதிவிட்டுத் தாத்தாவிடம் ஓடினேன். பாட்டியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இருவருக்கும் இருந்தது ஒரே பிரச்சினை. அதன் பெயர் டெலிரியம். தாத்தாவுக்கு மூளை தடுமாறியிருக்கிறது என்பது வாசலில் நின்ற ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். பாட்டிக்கும் அதே தடுமாற்றம் என்பது டாக்டரான எனக்கே தெரியவில்லை. உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் நடப்பது இதுதான். கத்துகிறவரைப் பார்த்துவிடுகிறோம், சும்மா கிடப்பவரை விட்டுவிடுகிறோம். அதனால்தான், வயதானவர் யார் வந்தாலும் இரண்டே நிமிடத்தில் கேட்டுப் பார்க்கிற மாதிரி சில சோதனைகளை உண்டாக்கியிருக்கிறார்கள்.

சோதனைக்குப் போவதற்கு முன் டெலிரியம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

நேற்று வரை நன்றாக இருந்த ஒருவரின் மூளை, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குழம்பிப்போவதுதான் டெலிரியம். மறதி இதில் இருக்கலாம், ஆனால் முதல் அடையாளம் மறதி அல்ல. கவனம் ஓரிடத்தில் நிற்காது. நீங்கள் கேட்கும் கேள்வியைப் பாதி கேட்பார், பதிலைப் பாதி சொல்வார், மின்விசிறியைப் பார்ப்பார், வேறெங்கோ போய்விடுவார். காலையில் தெளிவாகப் பேசிவிட்டு சாயங்காலம் பெற்ற மகனைப் பார்த்து “யாருப்பா நீ?” என்பார். திரும்ப ஒரு மணி நேரம் சரியாக இருப்பார். இந்த ஏற்ற இறக்கம்தான் பலரை ஏமாற்றுகிறது. டாக்டர் வருகிற நேரம் பார்த்து ஆள் தெளிவாக இருந்துவிட்டால், கூட வந்த அட்டெண்டர் சொல்வது பொய் மாதிரி ஆகிவிடும்.

பெயருக்குப் பின்னால் ஒரு அழகான சங்கதி உண்டு. லத்தீனில் ‘லீரா’ என்றால் உழவுச் சால். அதிலிருந்து பிறந்த சொல் டெலிரியம்: ஏர் சாலை விட்டு விலகிப் போவது. உழுதவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாடும் இருக்கிறது, ஏரும் இருக்கிறது, மண்ணும் அதே மண்தான், கோடு மட்டும் எங்கோ போகிறது. நம்மிடமும் ‘ஜன்னி’ என்று பழைய சொல் ஒன்று இருக்கிறது. “ஜன்னி கண்டு பிதற்றுறாரு” என்பார்கள். ஆனால் காய்ச்சலில் குழந்தைக்கு வரும் வலிப்பையும் பல வீடுகளில் ஜன்னி என்றே சொல்வதால், குழப்பம் வேண்டாம் என்று இங்கே டெலிரியம் என்றே எழுதுகிறேன்.

இதையும் டிமென்ஷியா என்ற மறதிநோயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது ரொம்பச் சாதாரணம். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுவது. “எப்போ ஆரம்பிச்சுது?” என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. டெலிரியத்தில் “திங்கக்கிழமை ராத்திரியிலிருந்து” என்று தேதியோடு சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், டிமென்ஷியா உள்ளவர்களுக்குத்தான் டெலிரியம் இன்னும் எளிதாக வரும். ஏற்கெனவே மறதிக்காரர் என்று தெரிந்துவிட்டால், புதிதாக வந்த குழப்பத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்ற வாக்கியம் எத்தனை பேரின் நிமோனியாவை மறைத்திருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன்.

ஏனென்றால் டெலிரியம் தனியாக வருகிற நோய் அல்ல. உடம்பில் வேறெங்கோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது, அது மூளையில் தெரிகிறது. முப்பது வயதுக்காரரின் மூளை இப்படித் தடுமாற மூளைக்காய்ச்சல் அளவுக்குப் பெரிய அடி விழ வேண்டும். எண்பது வயதில், காதும் மந்தம், கண்ணும் மங்கல், கொஞ்சம் மறதியும் இருக்கிறது என்றால் நான்கு நாள் மலச்சிக்கல் போதும். சிறுநீர் அடைத்துக்கொண்டால் போதும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி காதில் விழும் “உப்பு குறைஞ்சிடுச்சு” என்பதும் இதில் சேர்ந்ததுதான். ரத்தத்தில் சோடியம் இறங்கினால் முதலில் பாதிக்கப்படுவது மூளை. சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டதால் சர்க்கரை இறங்குவது, நுரையீரல் தொற்றில் ஆக்சிஜன் குறைவது, வலியே இல்லாமல் வரும் மாரடைப்பு, பதினைந்து நாள் முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கட்டிய ரத்தம், இடுப்பு எலும்பு முறிவின் வலி, இவை எல்லாமே “பாட்டி ஒரு மாதிரியா இருக்காங்க” என்ற ஒரே வாசல் வழியாக உள்ளே வரலாம். தினமும் குடிப்பவர் வேறு காரணத்துக்காக அட்மிட் ஆகி, இரண்டு மூன்று நாள் குடிக்காமல் இருந்தாலும் வரும். அதற்கு வைத்தியமே வேறு.

மாத்திரைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரை என்றால் எல்லோருக்கும் சந்தேகம் வரும். ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் மீது யாருக்கும் சந்தேகம் வராது. மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கவனத்துக்கு அவசியம். இந்த மாத்திரைகள் அதன் வேலையைத் தடுக்கின்றன. அதோடு சிறுநீர்ப்பையைச் சுருங்கவிடாமல், மலம் இளகவிடாமலும் செய்கின்றன. வயதான உடம்பில் ஒரே மாத்திரை மூன்று பக்கமும் அடிக்கும்.

சரி, இவ்வளவு முக்கியமான ஒன்றை ஏன் தவறவிடுகிறோம்?

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜின் ஹான் என்ற அவசர மருத்துவர் இதை ஆராய்ந்தார். அவருடைய குழு 2009-ல் வெளியிட்ட கட்டுரையில், அவசரப் பிரிவுக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்ட 303 பேரைச் சோதித்திருந்தார்கள். 25 பேருக்கு டெலிரியம் இருந்தது. அந்த 25 பேரில் 92 சதவீதம் பேர் நம் பாட்டியைப் போல அமைதி வகை. ஆர்ப்பாட்டம் செய்யாமல், அரைத்தூக்கத்தில் கிடப்பவர்கள். அங்கிருந்த மருத்துவர்கள் டெலிரியத்தைத் தவறவிட்டது 76 சதவீதம் பேரிடம். நான்கில் மூன்று பேர்! அதைப் படித்தபோது என் கேஸ் ஷீட் வரிக்காகக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அதே குழு மறு வருடம் வெளியிட்ட ஆய்வில், டெலிரியத்தோடு வந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 37 சதவீதம். டெலிரியம் இல்லாமல் வந்தவர்களில் 14.3 சதவீதம். குழப்பம்தான் உயிரைக் கொன்றது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தக் குழப்பத்துக்குப் பின்னால் பெரிய நோய் ஒளிந்திருக்கிறது, அல்லது அந்த உடம்பு ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். எப்படியானாலும் “தூங்குறாங்க, விடுங்க” என்று சொல்லிக் கடந்து போகிற விஷயம் இல்லை.

தவறவிடுவதற்கு டாக்டர்களின் அலட்சியம் மட்டும் காரணமில்லை. கேஷுவாலிட்டியின் அமைப்பே அப்படி. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, இவற்றுக்கெல்லாம் ஒரு கருவி இருக்கிறது. எண் காட்டும், தப்பினால் கூவும். கவனத்துக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இப்போது வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நாடியும் அழுத்தமும் சரியாக இருக்கிற, சத்தம் போடாத ஒரு பாட்டி சிவப்புப் பக்கம் போவதற்கு யாராவது அவரிடம் நாலு வார்த்தை பேசிப் பார்த்திருக்க வேண்டும். “சாப்டீங்களா பாட்டி?” “ம்.” “வலி இருக்கா?” “ம்.” இது பேச்சு இல்லை. எல்லாக் கேள்விக்கும் “ம்” என்று பதில் வந்தால் அந்த “ம்”மையே சந்தேகிக்க வேண்டும்.

இனி சோதனை.

இதில் பெரிய அடித்தளம் போட்டவர் ஷாரன் இனோயே என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர். 1990-ல் இவர் தலைமையில் வெளியானது ‘கேம்’ (CAM) என்ற முறை. அது நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொன்னது. குழப்பம் திடீரென்று வந்ததா, ஏறி இறங்குகிறதா? கவனம் நிற்கிறதா? பேச்சு கோர்வையாக இருக்கிறதா? விழிப்பு நிலை சரியாக இருக்கிறதா? முதல் இரண்டிலும் கோளாறு கட்டாயம் இருக்க வேண்டும், கூடவே பின் இரண்டில் ஏதாவது ஒன்றிலும் கோளாறு இருந்தால் டெலிரியம். தெளிவான கணக்குதான். ஆனால் சரியாகச் செய்யப் பயிற்சி வேண்டும், நேரமும் வேண்டும். கேஷுவாலிட்டியில் இரண்டும் கிடைப்பதில்லை.

அந்த அவசரத்துக்கு ஏற்ற மாதிரி வந்தவற்றில் இன்று பரவலாகப் பயன்படுவது ‘4ஏடி’ (4AT). ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த அலஸ்டேர் மெக்லூலிச்சும் சக மருத்துவர்களும் உருவாக்கி 2011-ல் வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் 2019 மருத்துவ வழிகாட்டியும், இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2023-ல் திருத்திய வழிகாட்டியும் இதையே பரிந்துரைக்கின்றன. காசு கிடையாது, தனிப் பயிற்சி கிடையாது, இரண்டு நிமிடத்துக்குள் முடியும். நர்ஸும் செய்யலாம், ஹவுஸ் சர்ஜனும் செய்யலாம்.

முதலில் விழிப்பு. ஆள் எப்படி இருக்கிறார் என்று சும்மா பார்ப்பதுதான். தூங்கினால் தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள். பத்து வினாடிக்குள் சரியாக விழித்து, சாதாரணமாகப் பேசினால் பூஜ்யம். பேசப் பேசவே கண் சொருகுகிறது, அல்லது எதிர்ப்பக்கமாக, அளவுக்கு மீறிப் பரபரப்பாக இருக்கிறார் என்றால் 4 மதிப்பெண். இதில் 1, 2 என்று நடுவில் எதுவும் இல்லை.

அடுத்து நான்கு சின்னக் கேள்விகள். வயது என்ன, பிறந்த தேதி என்ன, இது எந்த இடம், இப்போது எந்த வருடம். ஒரு தப்பு என்றால் 1, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 2.

மூன்றாவது, கவனம். வருடத்தின் மாதங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வது. டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று ஏழு மாதமாவது சரியாக வந்தால் பூஜ்யம். ஆரம்பித்து ஏழுக்குள் நின்றுபோனாலோ, மாட்டேன் என்று மறுத்தாலோ 1. உடம்பு முடியாமல், அரைமயக்கத்தில் இருப்பதால் ஆரம்பிக்கவே முடியவில்லை என்றால் 2. சாதாரணமாக ஒப்பிப்பது வாய்ப்பழக்கம், அதற்குக் கவனம் தேவையில்லை. பின்னோக்கிச் சொல்லும்போதுதான், எந்த மாதத்தில் நிற்கிறோம் என்பதை மனம் பிடித்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. டெலிரியத்தில் நழுவிப்போவது அந்தப் பிடிதான்.

நான்காவது, மாற்றம். கடந்த இரண்டு வாரத்துக்குள் புதிதாக வந்த குழப்பமோ, ஏற்ற இறக்கமோ, இல்லாததைப் பார்ப்பதோ, யாரோ கொல்ல வருகிறார்கள் என்கிற மாதிரி பயமோ உண்டா, கடந்த 24 மணி நேரத்திலும் அது இருக்கிறதா? இருக்கிறது என்றால் 4. இந்தக் கேள்விக்குப் பதில் நோயாளியிடம் இல்லை. கூட வந்தவரிடம் இருக்கிறது.

கூட்டினால் அதிகபட்சம் 12. நான்கோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியம் இருக்கலாம், காரணத்தைத் தேடத் தொடங்கு என்று பொருள். 1 முதல் 3 வரை என்றால் நாட்பட்ட ஞாபகப் பிரச்சினையாக இருக்கலாம், பிறகு நிதானமாகப் பார்க்கலாம். பூஜ்யம் என்றால் இப்போதைக்கு டெலிரியம் இருக்க வாய்ப்புக் குறைவு. ‘இப்போதைக்கு’ என்பதைக் கவனிக்க. நாளை காலை எட்டு மணிக்குப் படம் மாறலாம்.

நம் ஊர் முதியவர்களிடம் இதை அப்படியே கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி.

“வயசு என்ன பாட்டி?” “இருக்கும்பா, எழுபதோ எண்பதோ.” இதைத் தப்பு என்று போடுவதா? பிறந்த தேதி கேட்டால் இன்னும் மோசம். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதி இருக்கும், அல்லது ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும். “பெரிய புயல் அடிச்ச வருஷம், ஆடி மாசம், பூச நட்சத்திரம்” என்று ஒரு பாட்டி சொன்னால், அவர் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். வருடம் கேட்டதற்கு ஒரு தாத்தா ‘குரோதி’ என்று சொல்ல, மருத்துவமனையில் இருந்த சின்னப் பையன்கள் உளறுகிறார் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. 2024 சித்திரையில் பிறந்த தமிழ் வருடத்தின் பெயர் அதுதான்.

மாதங்களும் அப்படியே. டிசம்பர், நவம்பர் என்று ஒப்பிக்கத் தெரியாதவர் பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி என்று அடுக்கினால் அதுவும் ஏழு மாதம்தான். கேட்கிறவருக்கு அந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். (இளம் டாக்டர்களைத்தான் முதலில் சோதிக்க வேண்டியிருக்கும்.) அதுவும் முடியாவிட்டால் கிழமைகளைத் திருப்பிச் சொல்லச் சொல்பவர்கள் உண்டு. ஞாயிறு, சனி, வெள்ளி. ஆனால் இது சுலபம். சுலபமான சோதனையில் தேறிவிட்டார் என்பதற்காக முழுசாக நிம்மதி அடைய முடியாது. வாயால் பேசவே முடியாதவர்களுக்கு, ஐசியுவில் செய்யும் ஒரு வழி இருக்கிறது. பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள், ‘ஏ’ வரும்போதெல்லாம் நோயாளி டாக்டரின் கையை அழுத்த வேண்டும். ‘ஏ’ வந்தும் அழுத்தாமல் விட்டாலும் தப்பு, வராதபோது அழுத்தினாலும் தப்பு. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, சத்தத்தைக் கவனித்தால் போதும்.

காது கேட்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காது மெஷின் வீட்டில் டிவி மேல் இருக்க, இங்கே “பதில் சொல்லவில்லை” என்று மதிப்பெண் போடுவது அநியாயம்.

இவ்வளவு தொல்லை இருந்தும் 4ஏடி நம் ஊருக்கு ஒத்துவரும் என்று ஏன் நினைக்கிறேன் என்றால், அதன் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. படிப்பும் மொழியும் குறுக்கே வருவது நடுவில் உள்ள இரண்டு கேள்விகளில்தான். அவை இரண்டிலும் முழுசாகத் தோற்றால்தான் 4 சேரும். ஆனால் முதல் கேள்வி மட்டுமே 4 தரும், கடைசிக் கேள்வி மட்டுமே 4 தரும். முதலாவதற்குக் கண்ணால் பார்க்க வேண்டும். கடைசிக்குக் கூட வந்தவரிடம் காது கொடுக்க வேண்டும். வெளிநாட்டு அவசரப் பிரிவுகளில் பல முதியவர்கள் ஆம்புலன்ஸில் தனியாக வந்து இறங்குகிறார்கள், அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. நம்மிடம் மகள், மருமகன், எதிர்வீட்டுக்காரர், 108-ல் கூட ஏறிவந்த டீக்கடைக்காரர் என்று வாசலில் ஒரு கூட்டமே நிற்கிறது. “அட்டெண்டர்ஸ் எல்லாம் வெளிய போங்க” என்று சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும்: நேத்து எப்படி இருந்தாங்க?

“ரெண்டு நாளா கோலம் போடலை” என்பது அந்தக் கேள்விக்கான பதில். யாரும் கேட்காமலே வந்த பதில். 4 மதிப்பெண்.

இந்தச் சோதனை எவ்வளவு நம்பகமானது? எடின்பரோ, பிராட்ஃபோர்ட், ஷெஃபீல்டு ஆகிய ஊர்களில் 70 வயதைக் கடந்த 785 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. உண்மையிலேயே டெலிரியம் இருந்த நூறு பேரில் 76 பேரை 4ஏடி பிடித்தது. இல்லாத நூறு பேரில் 94 பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது. அதே ஆய்வில் கேம் முறை இல்லாதவரை இருக்கிறது என்று ஒருதடவைகூடச் சொல்லவில்லை, ஆனால் இருந்தவர்களில் 40 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. அதாவது 4ஏடி கூட நான்கில் ஒருவரைத் தவறவிடுகிறது. ஜின் ஹான் குழு 2013-ல் வேறொரு வழி சொன்னது. முதலில் இருபது வினாடியில் ஒரு மேலோட்டமான சோதனை: விழிப்பு நிலையைப் பார்ப்பது, பிறகு ‘லஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. இதில் டெலிரியம் இருப்பவர்களில் 98 சதவீதம் பேர் சிக்கிவிடுவார்கள், கூடவே இல்லாதவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களும் சிக்குவார்கள். சிக்கியவர்களுக்கு மட்டும் அடுத்த சோதனை. பெரிய வலையை முதலில் போட்டு, பிறகு சல்லடையில் சலிப்பது மாதிரி. யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கில எழுத்தைத் திருப்பிச் சொல்லும் சோதனையை நம் கிராமத்துப் பாட்டியிடம் கொண்டுபோக முடியாது.

எந்தச் சோதனையும் ‘இவருக்கு டெலிரியம்தான்’ என்று தீர்ப்பு எழுதுவதில்லை. இங்கே பார் என்று கை காட்டுகிறது. அதற்குப் பிறகு பார்ப்பதற்கு ஆள் இல்லையென்றால் மதிப்பெண் போட்டுப் பிரயோஜனமில்லை. கேஸ் ஷீட்டில் இன்னொரு கட்டத்தை நிரப்பியதுதான் மிச்சம். வருகிற எல்லோரையும் சோதிக்கும் இந்தத் திருவிழாவில் கலந்துகொள்ள முதியோர் மருத்துவர்கள் சிலரே தயங்குவது இதனால்தான்.

பார்ப்பது என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை, ஆக்சிஜன், காய்ச்சல், ஈசிஜி, ரத்தத்தில் உப்பு அளவு, சிறுநீரகம். அடிவயிற்றில் கை வைத்துச் சிறுநீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பது. தலையில் அடிபட்டிருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டாலோ, கை கால் விளங்காமல் இருந்தாலோ தலை ஸ்கேன். சிறுநீர் பரிசோதனையில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. வயதானவர்களின் சிறுநீரில், எந்தத் தொல்லையும் தராமலே கிருமி இருப்பது சகஜம். கிருமி தெரிந்தவுடன் “யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்” என்று முடிவுகட்டினால், உண்மையான காரணம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், நாம் பார்க்க மாட்டோம்.

காரணத்தைச் சரிசெய்யும் வரை ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கையைக் கட்டிலோடு கட்டுவது பயத்தைத்தான் கூட்டும். கட்டை அவிழ்க்கப் போராடியே ஆள் களைத்துப்போவார். தூங்க ஒரு ஊசி போட்டுவிடுவது வார்டுக்கு நிம்மதி, ஆனால் தூக்க மருந்துகளில் பல டெலிரியத்தை இன்னும் மோசமாக்குகின்றன. குடி நிறுத்தியதால் வந்த குழப்பம் இதற்கு விதிவிலக்கு. அங்கே அதே வகை மருந்துதான் வைத்தியம். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் மட்டும், குறைந்த அளவில் வேறு மருந்து கொடுப்பதுண்டு. மற்றபடி செய்ய வேண்டியவை எல்லாம் மருந்துக் கடையில் கிடைக்காதவை. கண்ணாடியை மாட்டிவிடுவது, பல் செட்டைப் போட்டுவிடுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, தேவையில்லாத டியூபை எடுத்துவிடுவது, ராத்திரி தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டை அணைப்பது, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. கேட்பதற்குப் பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கலாம். 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரை வைத்து இனோயேயின் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வில், வார்டில் இந்த மாதிரி கவனிப்புகளை ஒழுங்காகச் செய்தபோது டெலிரியம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று. பெரியவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அவசரத்திலும் மாத்திரைகளை அட்டையோடு பையில் போட்டுக்கொள்ளுங்கள், கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்து. கண்ணாடியும் காது மெஷினும் அதே பையில். டாக்டரிடம் “ஒரு மாதிரியா இருக்காங்க” என்று மட்டும் சொன்னால் அது காற்றில் போய்விடும். என்ன செய்துகொண்டிருந்தவர், எப்போதிலிருந்து செய்யவில்லை என்று சொல்லுங்கள். தினமும் பேப்பர் படிப்பவர் செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடவில்லை. பேரன் பேரை மாற்றிச் சொன்னார். சீரியல் நேரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் தலையாட்டிவிட்டு ஓடினால், திரும்பி வரும்போது மறுபடி சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொல்லும்போது, மருந்து விவரத்தைப் பெரியவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகவிடாதீர்கள். கவனம் நிற்காத ஒருவரிடம் “இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி” என்று சொல்வது சுவரிடம் சொல்வதுபோலத்தான்.

அந்தப் பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே.

காலை ரவுண்ட்ஸில் எங்கள் சீனியர் அக்கா வந்தார். கேஸ் ஷீட்டைப் பார்த்தார், பாட்டியைப் பார்த்தார். குனிந்து, காதருகில், “பாட்டி, பங்குனியிலிருந்து மாசத்தையெல்லாம் பின்னாலேயே சொல்லிட்டு வாங்க பாப்போம்” என்றார். பாட்டி “பங்குனி…” என்றார். கொஞ்ச நேரம் கழித்து “மாசி…” பிறகு “மாசி மகத்துக்குப் போகணும், துணியெல்லாம் எடுத்து வச்சியா?” அப்புறம் போர்வை நூல். அக்கா மருமகளிடம் திரும்பி, நேற்றும் முந்தாநாளும் எப்படி இருந்தார் என்று கேட்டார். கோலம் வந்தது. மூக்கு ஒழுகியதற்குக் கடையில் வாங்கிக் கொடுத்த மாத்திரை வந்தது, ஒரு வேளைக்கு இரண்டாகக் கொடுத்தது வந்தது. நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்பதும் வந்தது. அடிவயிற்றில் கை வைத்தபோது பாட்டி முதல்முறையாக முகம் சுளித்தார். சிறுநீர் டியூப் வைத்தோம். தொள்ளாயிரம் மில்லி வந்தது.

மாத்திரையை நிறுத்தி, வயிற்றைச் சரிசெய்து, மறுநாள் டியூபையும் எடுத்தாயிற்று. வீட்டிலிருந்து கண்ணாடி வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் நானே போய் அந்தக் கேள்வியைக் கேட்டேன். பங்குனி, மாசி, தை, மார்கழி என்று தொடங்கி, புரட்டாசியில் போதும் என்று கை காட்டியும் நிறுத்தாமல், ஆவணி, ஆடி, ஆனி, வைகாசி, சித்திரை என்று முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் தம்பி, உனக்கு மாசம் தெரியாதா?”